புகை நின்ற இடத்தில் படுக்கையறை

நாங்கள் வாடகைக்கு இருக்கும் பண்ணைவீட்டை றோட்டில் நின்று பார்ப்பவர்கள் ஒரு இருநூற்றைம்பது வருடம் சொல்வார்கள். செங்கல் முகப்பு, நேர்வரிசையில் சன்னல்கள். இங்கிலாந்தில், கென்ட்டின் வீல்ட் பகுதியில் இப்படி நிறைய வீடுகள். ஆனால் அந்தச் செங்கல் பின்னாளில் போட்ட சட்டை. உள்ளே ஓக் மரச்சட்டமும், கம்புப் பின்னலில் களிமண் அப்பிய சுவரும்தான்.

வயதைக் காட்டிக்கொடுப்பது கூரை. டோர்ச்சோடு மேலே ஏறினால் கைமரங்கள் கரி பிடித்துக் கிடக்கின்றன. எப்போதோ தீப்பிடித்த வீடு என்று மனைவி பயந்துவிட்டாள். அது அடுப்புப் புகை. 1400களில் இந்த வகை வீட்டின் நடுவில், நிலத்திலிருந்து முகடு வரை திறந்த ஒரு கூடம் இருக்கும். மாடியறைகள் இரண்டு அந்தங்களிலும் மட்டும். கூடத்துத் தரையில் தீ எரியும், புகை கிடைத்த இடுக்கால் வெளியேறும். அந்தப் பழைய கோலத்தை சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக 1960களின் கடைசியில் கென்ட்டிலிருந்து கழற்றிய பேலீஃப் பண்ணைவீட்டை அங்கே திரும்பப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். சன்னலில் கண்ணாடி கிடையாது. அந்தக் குளிரில் எப்படித்தான் இருந்தார்களோ!

1500களில் செங்கல் புகைபோக்கிகள் வந்தன. புகை ஒரு வழிக்குள் அடங்கியதும், கூடத்தின் குறுக்கே தளம் போட்டு மேலே அறை எடுத்தார்கள். எங்கள் கட்டில் கிடப்பது அங்கேதான். உயரம் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மகன் குனிந்துதான் நடக்கிறான்.

முகப்பில் ஒரு சன்னல் அடைத்துக் கிடக்கிறது. சன்னல்களை எண்ணி வரி போட்ட காலத்தில் வரிக்குப் பயந்து அடைத்தது என்று வீட்டுக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வார். 1696 முதல் 1851 வரை அப்படியொரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் இதற்கு நேர் பின்னால் பழைய ஓக் தூண் நிற்கிறது. அது ஒருநாளும் திறந்திருக்க வழியில்லை, முகப்பு இருபுறமும் ஒத்திருக்கவேண்டும் என்று கட்டிய பொய்ச்சன்னல். அவரிடம் நான் சொல்லவில்லை, வாடகை கூடினாலும் கூடும்.

கடைசியாகக் கைவைத்தவர்கள் பின்சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து பூட்டி வைக்கும். அந்தப் பக்கம் மரம் உழுத்துப்போயிருக்கிறது.

இத்தனை பேர் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டிய வீட்டில், இன்று அனுமதியில்லாமல் ஒரு மாற்றம் செய்தால் குற்ற வழக்கு. பழங்கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருக்கிறது. எங்களுக்கோ குசினியில் தாளிக்கிற புகை போக வழி வேண்டும். சுவரில் துளை போடக் கேட்டோம். வந்து பார்த்த கவுன்சில் அதிகாரி, பாவிக்காத பழைய புகைபோக்கிக்குள் குழாய் இறக்கச் சொன்னார். படம் வரைந்து விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.