ஓரிதழ்த்தாமரையும் ஐந்து இதழ்களும்

மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் செய்முறை வகுப்புகள் நடத்தியிருக்கிறேன். வயோலேசி என்ற தாவரக் குடும்பம் பாடத்தில் வரும்போதெல்லாம், அன்று விடியற்காலையில் சோழவந்தானுக்குப் பேருந்து ஏறி, வைகைக் கரையோரமாக நடந்து ஓரிதழ்த்தாமரையைத் தேடுவது என் வழக்கமாக இருந்தது. வயோலேசி என்றதும் குளிர்ப்பகுதிகளில் வளரும் வயோலா என்ற பூச்செடியே பலருக்கும் நினைவுக்கு வரும். அதைப் பார்க்க நாங்கள் கொடைக்கானலுக்கு ஏற வேண்டும். ஆனால் அதே குடும்பத்துச் செடியொன்று நம் சமவெளி வெயிலில், ஆற்றங்கரை மணலிலும் வயல் வரப்பிலும், யாரும் நடாமலே வளர்ந்து பூத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சாண் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் வளராத செடி அது. அதன் அடித்தண்டு கட்டைபோல் இறுகியிருப்பதால், ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களைத் தாங்கி, ஐப்பசி மழைக்குப் பின் மறுபடியும் தளிர்விடும். ஒடுங்கிய இலைகள் புற்களோடு கலந்துவிடுவதால் பூக்கும்வரை கண்ணில் படுவதில்லை. பூத்துவிட்டால், இலைக்கோணத்திலிருந்து மெல்லிய காம்பில் எழும் அந்த இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒற்றை இதழை நடந்துபோகிறவரும் நின்று பார்ப்பார்.

முதல் பார்வையில் மாணவர்கள் எல்லோரும் ஓர் அல்லி இதழ் என்றே குறிப்பேட்டில் எழுதுவார்கள். ஊசியால் பூவைப் பிரித்து லென்சின் கீழ் வைத்த பிறகுதான், புல்லி இதழ்களோடு ஒட்டினாற்போல் ஒடுங்கிக் கிடக்கும் மற்ற நான்கு சிறிய இதழ்கள் தெரியவரும். ஐந்து மகரந்தத் தாள்களும் கூம்புபோல் நெருங்கிச் சூல்பையைச் சூழ்ந்திருக்கும். சூல்பையைக் குறுக்கே வெட்டினால் அறை ஒன்றே இருக்கும். சூல்கள் சுவரில் மூன்று வரிசையாக ஒட்டியிருக்கும். தாவரங்களை வகைப்படுத்திய பெந்தாம், ஹூக்கர் இருவரும் இக்குடும்பத்தை, சுவரில் ஒட்டிய சூல்களால் பெயர்பெற்ற பரைட்டேல்ஸ் துறையில் சேர்த்ததன் காரணம், நகக்கண் அளவுகூட இல்லாத அந்த வெட்டுமுகத்தில் இருக்கிறது. எத்தனை முறை வரைபலகையில் வரைந்து காட்டினாலும், தானே வெட்டிப் பார்த்த மாணவிக்கு விளங்குவதுபோல் அது விளங்காது.

தொடக்க ஆண்டுகளில், ஓரிதழ் என்ற பெயர் பிழையானது என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். ஐந்து இருக்க ஒன்று என்பது எப்படிச் சரியாகும் என்று நினைத்தேன். ஒரு கார்த்திகை மாதக் காலையில் கரையில் உட்கார்ந்து ஒரே செடியை நெடுநேரம் பார்த்தபோது அந்த எண்ணம் தளர்ந்தது. வந்த சிறு தேனீக்கள் எல்லாம் அந்தப் பெரிய இதழிலேயே இறங்கின. அதன் அடியிலுள்ள சிறு பை போன்ற பகுதியை நோக்கியே தலையை நுழைத்தன. கீழ்ப்புற மகரந்தத் தாள்கள் இரண்டின் தேன்சுரப்பிகள் அங்கேதான் இருக்கின்றன. பெயரிட்டவர்கள் எண்ணத் தெரியாதவர்கள் அல்லர். பூச்சியை வரவேற்கும் இதழைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்று அன்றிலிருந்து சொல்லத் தொடங்கினேன். தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயஸ் 1753-இல் இதை வயோலா என்னியஸ்பெர்மா என்று அழைத்தபோது அவர் பார்த்தது விதைகளை. என்னியஸ்பெர்மா என்ற சொல்லுக்கு ஒன்பது விதைகளை உடையது என்று பொருள். பிற்காலத்தில் இது அயோனிடியம் ஆயிற்று, பிறகு ஹைபாந்தஸ் ஆயிற்று. பேரினப் பெயர் எத்தனை முறை மாறியும், எங்கள் ஊர்ப் பெயர் மாறவில்லை.

ஒரு வருத்தத்தையும் எழுத வேண்டும். ஒருமுறை மாணவர் ஒவ்வொருவரும், செடியை உலர்த்தி ஒட்டிவைக்கும் ஹெர்பேரியத் தாளுக்கு வேரோடு ஒரு செடி கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நாற்பது பேர் ஒரே மேட்டில் பிடுங்கினார்கள். அடுத்த ஆண்டு அந்த மேட்டில் ஒன்றுகூட இல்லை. சீமைக் கருவேலங்கன்றுகள் எழுந்திருந்தன. நாட்டு மருந்துக்கு இச்செடி சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுதாக எடுக்கப்படுகிறது. அதற்காகப் பறிக்க வந்த முதிய பெண்மணி ஒருவர், கையில் செடியோடு நின்ற என்னைப் பார்த்து, “காய் வெடிச்சு வெத விழுகட்டும் சார், அப்புறம் பிடுங்குனா அடுத்த மழைக்கு மொளைக்கும்ல” என்றார். தாவரவியல் படித்த நான் அதை அவரிடம் கேட்க நேர்ந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு வகுப்புக்கு ஒரே செடி என்று வரம்பு வைத்தோம். முற்றிய காய்களைக் காகித உறையில் போட்டு மேசைமேல் வைப்போம். காய் உலர்ந்து மூன்றாகப் பிளக்கும்போது விதைகள் தெறித்துக் காகிதத்தில் மோதும் மெல்லிய ஒலி கேட்கும். மாணவர்கள் உறையைப் பிரித்து எண்ணுவார்கள். ஒன்பது இருந்தால் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வார்கள், குறைந்தால் அந்த எண்ணையே எழுதுவார்கள். பிறகு அந்த விதைகளை எடுத்துக்கொண்டு, மழை வருவதற்கு முன் சோழவந்தான் கரைக்குப் போவோம்.