தனிப் படகில் பெலீஸ் பவளப்பாறைக்கு

கீ கால்கர் தீவின் முன்தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பலகை கண்ணில் படும். பவளத்திட்டிலுள்ள ஹோல் சான் கடல் காப்பகத்துக்கு அரை நாள், முழு நாள், மதியச் சாப்பாடு சேர்த்து என்று எழுதி வைத்திருப்பார்கள். எந்தக் கடையில் பணம் கட்டினாலும் ஏறக்குறைய ஒரே இடங்களுக்குத்தான் கூட்டிப் போகிறார்கள். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர், ஓர் இடத்தில் இவ்வளவு நேரம் என்று கணக்கு. நாங்கள் அதில் சேராமல், என் கணவர், மகள், நான் என்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் ஒரு படகைப் பேசிக்கொண்டோம். என் மகள் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவாள், ஆனால் நடுக்கடலில் இறங்கிப் பழக்கமில்லை. அவளுக்குப் பயம் தெளிகிற வரை காத்திருக்க வேண்டுமென்றால், பின்னால் யாரும் முணுமுணுக்காத படகு வேண்டும். எனக்கோ ஒரே பாறைக்கு மேல் மிதந்தபடி நேரம் போவது தெரியாமல் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

செலவு கூடத்தான். பேரம் பேசும்போது எந்த டாலர் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெலீஸில் இரண்டு பெலீஸ் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று மாற்று விகிதம் நிலையாக வைத்திருக்கிறார்கள். கடைகளில் இரண்டும் செல்லும். வாய்வார்த்தையாக ஒரு தொகையைச் சொல்லும்போது அது எந்தப் பணம் என்று தெரியாவிட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் படகு வாடகையில் சேர்ந்ததா, தனியா என்பதையும் கேட்க வேண்டும்.

நாட்டைப் பற்றிக் கொஞ்சம். மத்திய அமெரிக்காவில் மெக்சிகோவுக்குத் தெற்கே, கரீபியன் கடலைப் பார்த்தபடி இருக்கிறது பெலீஸ். பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்ற பெயரில் காலனியாக இருந்து 1981-ல் விடுதலை பெற்றது. கரைக்கு இணையாகச் சுமார் 300 கிலோமீட்டருக்குப் பவளத்திட்டு நீள்கிறது. மெக்சிகோவின் யுகடான் முனையிலிருந்து ஹோண்டுராஸ் வரை போகும் பெரிய பவளத்தொடரில் இது ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய தடுப்புப் பவளத்திட்டு இந்தத் தொடர்தான். கீ கால்கரின் கிழக்குக் கரையில் நின்றால் ஒரு மைல் தள்ளி வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். ஆழ்கடல் அலை பவளத்திட்டில் மோதி உடைகிற இடம் அது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கருநீலம், இந்தப் பக்கம் இடுப்பளவிலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை ஆழமுள்ள அமைதியான தண்ணீர்.

கேப்டன் விடிந்ததும் வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் ஸ்பானிஷ், எங்களோடு ஆங்கிலம், எதிரே வரும் படகுக்காரர்களோடு ஆங்கிலத்தை ஒட்டிப் பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். யுகடானில் 1847-ல் மூண்ட போருக்குத் தப்பி வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் இங்கே பல. அவர் தாத்தாவும் அப்பாவும் சிங்கி இறால் பிடித்தவர்கள். அவரும் இளவயதில் அதைத்தான் செய்தாராம்.

துறையை விட்டுக் கிளம்பும் முன், தண்ணீருக்குள் பார்ப்பதற்கான கண்ணாடி முகமூடியைச் சோதித்துக் காட்டினார். வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழு, கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அதுதான் உன் அளவு என்றார். என் மகளுக்கு நான்காவதாக எடுத்ததுதான் சரியாக நின்றது. சன்ஸ்கிரீன் தடவ வேண்டாம், முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். அது நல்ல யோசனை. ஆக்ஸிபென்ஸோன் போன்ற சில சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் பவளத்தின் இளம் உயிர்களுக்குத் தீங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. தண்ணீரில் குப்புற மிதப்பவருக்கு வெந்துபோவது முதுகும் பின்னங்காலும்தான். துணி அதை மறைத்துவிடுகிறது.

மற்ற படகுகள் கிளம்பும் முன் நாங்கள் வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஹோல் சான் என்பது ஆம்பர்கிரிஸ் தீவின் தென்முனைக்கு எதிரே பவளத்திட்டில் இயற்கையாக அமைந்த ஒரு வாய்க்கால். சுமார் 30 அடி ஆழம். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் கடல்நீர் இதன் வழியாகத்தான் உள்ளும் வெளியும் ஓடுகிறது. இழுப்பு பலமாக இருக்கும், அதனால் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரையும் இறங்க விடுவதில்லை. நீரோட்டம் அடங்கும் வேளை பார்த்துக் கேப்டன் எங்களை இறக்கினார். 1987-ல் இதைக் கடல் காப்பகமாக அறிவித்தார்கள். வாய்க்காலைச் சுற்றி மீன் பிடிக்கத் தடை. அப்போது பிறந்த குழந்தைகள் இன்று நடுவயதுக்காரர்கள். அத்தனை காலம் வலையும் தூண்டிலும் படாமல் விட்டால் மீன் எப்படி வளரும் என்பதை முகத்தைத் தண்ணீரில் வைத்த உடனேயே பார்த்துவிடலாம். என் கை நீளத்துக்குக் களவா ஒன்று பாறை நிழலில் அசையாமல் நின்றது. எங்களைக் கண்டு விலகவே இல்லை. வாய்க்காலின் சுவரோரம் செப்பிலி மீன்கள் கூட்டமாக, எல்லாம் ஒரே திசையில் தலையை வைத்து நீரோட்டத்தை எதிர்த்து நின்றன. பொந்துக்குள் பச்சை அஞ்சாளை ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கடிக்க வரவில்லை, அது மூச்சுவிடும் முறையே அதுதான்.

மகள் முதலில் படகின் ஏணியை விடவில்லை. கேப்டன் அவசரப்படுத்தவே இல்லை. ஒரு மிதவை வளையத்தைத் தண்ணீரில் போட்டு, "இதைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் உள்ளே வை, காலை அடிக்காதே" என்றார். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். அப்புறம் நிமிரவேயில்லை. வளையத்தை அவர் மெல்ல இழுத்துக்கொண்டே போக, வாயில் வைத்த மூச்சுக்குழாய் வழியாக அவள் ஏதோ கத்திக்கொண்டே போனாள்.

நான் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். கீழே ஒரு கிளிமீன், நீலமும் பச்சையும் ரோஜா நிறமும் கலந்தது, பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் கல்கண்டைக் கடிப்பது போல நறுக்கென்று கேட்கிறது. பற்கள் ஒன்றாகச் சேர்ந்து அலகாகிவிட்ட வாய் அதற்கு. பாறையில் படரும் பாசியைச் சுரண்டும்போது சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போகிறது. அதைத் தொண்டையிலுள்ள இன்னொரு பல் வரிசை அரைக்கிறது, பின்னால் மணலாக வெளியே வருகிறது. என் கண்ணெதிரே அது வாலடியிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி மணலை உதிர்த்துவிட்டு அடுத்த பாறைக்குப் போனது. இந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் நல்ல பங்கு இப்படி வந்ததுதான்.

கிளிமீன் இல்லாவிட்டால் பாசி பவளத்தை மூடிவிடும். கரீபியன் முழுக்க 1983-84-ல் நீள்முள் கடல் முள்ளெலிகள் ஒரு நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பாசி மேய்ந்த பெரும்படை அது. அதன் பிறகு அந்த வேலையில் பெரும்பகுதி கிளிமீன்கள் தலையில் விழுந்தது. பெலீஸ் 2009-ல் கிளிமீன் பிடிப்பதையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு இழுவலைக்கும் தடை வந்தது. மூன்று லட்சம், நாலு லட்சம் மக்கள் உள்ள சின்ன நாடு செய்த காரியம் இது. எனக்கு இதில் உண்மையான மரியாதை உண்டு.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச தூரம் போனதும் கேப்டன் என் தோளைத் தொட்டுக் கீழே காட்டினார். ஒரு பெரிய மூளைப் பவளம், ஒரு மேசை அகலம் இருக்கும். அதன் ஒரு பக்கம் பழுப்பும் பச்சையுமாக, மடிப்பு மடிப்பாக உயிரோடு இருந்தது. மறுபக்கம் சாம்பல் நிறத்தில் பாசி பூத்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கையகலப் பட்டை, சுண்ணாம்பு அடித்த வெள்ளை. தசை உரிந்து எலும்பு மட்டும் தெரிகிற இடம் அது. அந்தப் பட்டை நாளுக்கு நாள் உயிருள்ள பக்கமாக நகரும் என்று தலையை வெளியே எடுத்துச் சொன்னார். 2014-ல் ஃப்ளோரிடாவில் முதலில் கண்ட திசு அழிவு நோய் இது. 2018-ல் மெக்சிகோ, 2019-ல் பெலீஸ் என்று இறங்கி வந்துவிட்டது. நூறு, இருநூறு ஆண்டு வளர்ந்த பாறையைக்கூடச் சில மாதங்களில் தின்றுவிடும். ஃப்ளோரிடாவில் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த பசையை ஒவ்வொரு பவளமாக நோயின் விளிம்பில் தடவிப் பார்க்கிறார்கள். பலன் இருக்கிறது, ஆனால் கடல் முழுவதற்கும் யார் தடவுவது? இதற்கு மேல் 2023-ல் வந்த வெப்பம் வேறு. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவளம் தன் உடம்புக்குள் குடிவைத்து வளர்க்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போகும், சாப்பாடும் போகும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

அந்தப் பாறைக்கு மேல் நான் வெகுநேரம் மிதந்துகொண்டிருந்தேன். வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் சின்ன நீல மீன்கள் வழக்கம் போல உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன. கூட்டப் படகில் போயிருந்தால் இந்நேரம் விசில் ஊதிக் கூப்பிட்டிருப்பார்கள்.

அடுத்து ஷார்க் ரே ஆலி. முன்பு மீனவர்கள் திட்டுக்கு உள்பக்கம் ஒதுங்கி, பிடித்த மீனைக் கழுவிக் குடலை வீசிய இடம். அதைத் தின்ன வந்த செவிலிச் சுறாக்களும் திருக்கைகளும் அந்த இடத்தையே பிடித்துக்கொண்டன. இப்போதும் எஞ்சின் சத்தம் கேட்டால் வருகின்றன. நாங்கள் நங்கூரம் போடும் முன்பே பழுப்பு நிழல்கள் படகைச் சுற்றத் தொடங்கிவிட்டன. மீன் துண்டு போட்டுக் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டிருந்தோம், கேப்டன் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார். இரைக்குப் பழகிய சுறா படகைத் தேடி வருவது சுறாவுக்கும் நல்லதில்லை, மனிதருக்கும் நல்லதில்லை என்பது என் எண்ணம். தீனி இல்லை என்று தெரிந்ததும் பாதி கலைந்துவிட்டன. மீதி மணலில் படுத்துக்கொண்டன. அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஆளை விட நீளம், வாயோரம் இரண்டு மீசை, சின்னக் கண். சில சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிட முடியும். இது படுத்த இடத்திலேயே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பிக்கொள்ளும். செவுள் பிளவுகள் திறந்து மூடுவது மேலிருந்தே தெரிந்தது. பொதுவாகச் சாதுதான், ஆனால் வாலைப் பிடித்தால் கடித்துவிடும், கடித்தால் எளிதில் விடாது. கேப்டன் இதைச் சொன்னதும் மகள் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு இறங்கினாள். என் கணவர் அவளுக்குப் பக்கத்திலேயே மிதந்தார். திருக்கை ஒன்று மணலைச் சிலுப்பிவிட்டு அவர்களுக்கு அடியில் போனது.

திரும்பும் வழியில் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் அரிசியும் சிவப்பு பீன்ஸும் சேர்த்து வேகவைத்த சோறு, கோழிக் குழம்பு. நாங்கள் போனது மார்ச்சில், சிங்கி இறாலுக்குத் தடைக்காலம். தடையை மீறி விற்கிறவர்களிடம் வாங்கவே கூடாது என்று கேப்டன் கொஞ்சம் சூடாகச் சொன்னார். பேச்சு கடலடிக் கச்சா எண்ணெய்க்குத் தாவியது. 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்தப் பவளத்திட்டை 2009-ல் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. அலையாத்திக் காட்டை வெட்டியதும் நிலத்தை விற்றதும் காரணங்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் திட்டமும் அப்போது இருந்தது. 2012-ல் தன்னார்வலர்கள் ஊர் ஊராக வாக்குப்பெட்டி வைத்து மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 96 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சட்டப்படி செல்லாத வாக்கெடுப்புதான். ஆனாலும் 2017 கடைசியில் பெலீஸ் கடல் முழுவதிலும் எண்ணெய் எடுக்கும் முயற்சிகளை நிறுத்திச் சட்டம் வந்தது, 2018-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் பெயர் நீங்கியது. "நானும் ஓட்டுப் போட்டேன்" என்றார், சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு.

கடற்புல் வளர்ந்த ஓர் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிற மூக்கு ஒன்று மேலே வந்து மூச்சு விட்டது. மானட்டி. நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவின் உறவுக்கார உயிர், அதே போலக் கடற்புல் மேய்வது. ஆவுளியாவுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கும், இதற்குத் துடுப்பு போல வட்டம். ஆவுளியாவுக்காகத் தமிழ்நாடு 2022-ல் தனிக் காப்பகம் அறிவித்ததைச் சொன்னேன். எத்தனை மிச்சம் இருக்கின்றன, படகு இடித்துச் சாகின்றனவா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். இங்கே விசைப்படகில் அடிபட்டுத்தான் மானட்டிகள் நிறைய சாகின்றனவாம். அதன் அருகில் யாரையும் தண்ணீரில் இறக்க மாட்டார், நாங்களும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவு. காற்று பலமாக வீசும் நாட்களில் திட்டுக்கு அருகே தண்ணீர் கலங்கிவிடும். அதனால் தீவுக்குப் போன மறுநாளே படகைப் பேசிவிடுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். காற்று மோசமாக இருந்தால் தள்ளிப்போட ஒரு நாளாவது கையில் இருக்கும். பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: காலை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், சுறாவுக்குத் தீனி போடாமல் கூட்டிப் போவீர்களா, குழந்தையின் அளவுக்கு முகமூடி இருக்கிறதா. மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரோடு போகலாம்.