இரண்டும் இடது கால்

1471-இல் இங்கிலாந்தில் நடந்த டியூக்ஸ்பரி போரை ஒவ்வொரு ஜூலையும் அந்த ஊரிலேயே நடித்துக் காட்டுவார்கள். அதில் வில்லாளியாகச் சேர்ந்தேன். சட்டை, தொப்பி எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. ஷூதான் நான்கு மாதம் உயிரை வாங்கியது.

முதலில், 'மத்திய கால ஷூ' என்று விற்றதை இணையத்தில் வாங்கினேன். ரப்பர் சோல், ஓரங்குலக் குதிகால். குழுவில் உடை சரிபார்க்கும் அம்மா பார்த்த மாத்திரத்தில், "குதிகால் வர இன்னும் நூறு வருஷம் ஆகும்" என்றார். கூர்மூக்கு வைத்த ஷூவாவது போடலாமா என்றேன். பிரபுவுக்குக் கீழே உள்ளவர்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் மூக்கு நீட்டக் கூடாது என்று 1463-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். வில்லாளிக்கு எதற்கு அந்த ஆசை!

சரி, நானே தைக்கிறேன் என்று இறங்கினேன். கடைக்காரர் 'அசல் தோல்' என்றதை நம்பி வாங்கி வந்து வெட்டினால், வெட்டுவாயில் நீலச் சாம்பல் நிறம். குரோம் உப்பில் பதனிட்ட தோல். அது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு, காசு போச்சு. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஓரத்தையும் பாருங்கள். தடிமன் ஷூவின் மேல்பாகத்துக்கு 2 மி.மீ., சோலுக்கு 4 மி.மீ. போதும்.

அந்தக் கால ஷூவை உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு புரட்டுவார்கள். குத்தூசி சோலைத் துளைத்து மறுபக்கம் போகக் கூடாது. பக்கவாட்டு விளிம்பில் நுழைந்து உள்முகத்தில் வெளிவர வேண்டும். அப்போதுதான் நூல் தரையில் தேயாது. என் முதல் சோல் இதில்தான் வீணானது.

அடுத்தது இன்னும் மோசம். கையுறையைப் புரட்டினால் வலது இடதாகிவிடும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். எனக்கு அது உறைத்தது வலது ஷூவுக்கு வெட்டி முடித்த பிறகு. மற்றதை மட்டும் கவனமாகப் புரட்டிப் போட்டு வெட்டினேன். தேன்மெழுகு தடவிய லினன் நூலால் இரண்டு வாரம் தைத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கரண்டிக்காம்பால் மூக்கை நெம்பித் திருப்பினால், இரண்டும் இடது கால்.

மூன்றாவது ஜோடி காலில் ஏறியது. மழை ஈரத்தில் புல்வெளியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன், அது வேறு. அந்த அம்மா ஷூவைக் குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என் இடுப்பு வாரின் கொக்கியைப் பார்த்து முகம் சுளித்தார்.