டூசான் பாலைவனப் பண்ணைக்குக் கிளம்பும் முன்

அரிசோனாவின் டூசான் நகரில் ஸ்பீட்வே சாலையைப் பிடித்துக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், அது முடிகிற பக்கத்தில் டாங்கே வெர்டே பண்ணை வரும். 1868இல் எமிலியோ கரீயோ தொடங்கிய மாட்டுப் பண்ணை. பின்னாளில் ஜிம் கான்வர்ஸ் கைக்கு மாறிய பிறகு விருந்தினரையும் தங்கவைத்தார்கள். பக்கத்திலேயே சகுவாரோ தேசியப் பூங்கா. இப்படிப்பட்ட பண்ணைகளில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குதிரைச் சவாரி எல்லாம் பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்கும். தொகையைப் பார்த்து மிரளாமல், எதெல்லாம் சேர்த்தி என்று முதலில் கேளுங்கள். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்; மாட்டிறைச்சிதான் அங்கே பிரதானம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. ஜூனில் வெயில் 38 டிகிரியை எளிதாகத் தாண்டும்; கோடையில் மூடிவிடும் பண்ணைகளும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருந்தாலும் விடியற்காலை சில நாள் உறைநிலையைத் தொடும். காலைச் சவாரிக்குக் கழற்றிக் கட்டிவைக்கக் கூடிய மெல்லிய ஜாக்கெட் வேண்டும்.

பழைய மண்கட்டடத்தில் அறை கிடைத்தால் அதையே எடுங்கள். மண்ணும் வைக்கோலும் பிசைந்து வெயிலில் காயவைத்த கல்லால் கட்டிய தடித்த சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கி, இரவில் மெதுவாக விடும். இதன் எதிரி தண்ணீர். பாதுகாப்பு என்று நினைத்துச் சிமெண்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் அடியிலிருந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சோ மண்பூச்சோ போட்டுப் பராமரிக்கிற பண்ணை, தன் சொத்தின் அருமை தெரிந்த பண்ணை.

இனி குதிரை. பலருக்கும் இடறுவது இங்கேதான். உடல் எடைக்கு வரம்பு உண்டு, பல இடங்களில் 100 முதல் 115 கிலோ வரை. குழந்தைகளுக்கான குறைந்தபட்ச வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலணிக்குக் குதிகால் கட்டாயம் வேண்டும். தட்டையான ஷூ அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) முழுசாக நுழைந்துவிட்டால், விழும்போது கால் சிக்கிக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்கட்டும், குதிகால் கீழே அழுந்தட்டும். ஜீன்ஸின் உள்தையல் தொடையை உரசிப் புண்ணாக்கும்; உள்ளே சைக்கிள் ஓட்டுவோர் அணியும் இறுக்கமான கால்சட்டை போட்டால் தப்பிக்கலாம். தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம்.

மேற்கத்திய (கௌபாய்) சவாரி முறையில் கடிவாளத்தின் இரண்டு வார்களும் ஒரே கையில். இடப்பக்கம் திரும்ப, கையை இடப்பக்கம் நகர்த்தினால் போதும்; வார் கழுத்தின் வலப்பக்கம் படுவதுதான் குதிரைக்குச் செய்தி. இழுத்துப் பிடித்தே வைத்திருந்தால் வாய் வலித்துத் தலையை உதறும். முன்னே போகிற குதிரைக்கு ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள். நெருங்கினால் அது உதைக்கும். முதல் நாளே இரண்டு சவாரி வேண்டாம். தொடை வலி மறுநாள்தான் தெரியும்.

வழியில் 'குதிக்கும் கள்ளி' என்று பெயர் வாங்கிய சோய்யா கள்ளியைப் பார்ப்பீர்கள்; அது உண்மையில் குதிப்பதில்லை. லேசாக உரசினாலே துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளில் கொக்கி போன்ற நுண்செதில்கள் உண்டு. கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். சீப்பை அடியில் நுழைத்து, ஆளில்லாத பக்கமாக விருட்டென்று தட்டிவிடுங்கள். மிச்சத்துக்கு இடுக்கி. சட்டைப்பையில் ஒரு பழைய சீப்பு இருக்கட்டும். குதிரையின் காலில் ஒட்டினால் இறங்கித் தொடாதீர்கள், வழிகாட்டியைக் கூப்பிடுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் கணக்கு. வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் போக நேர்ந்தால், வறண்ட ஓடையில் நிற்காதீர்கள். மலையில் பெய்த மழை, தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து இறங்கும்.