நொப்பி என்ற ஒரே சொல்

கணுக்காலில் பிளேட் வைத்த பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் டாக்டரிடம் நான் சொன்னது ஒரே சொல்தான்: நொப்பி. தெலுங்கில் வலிக்கு அதுதான் பேர். திருத்தணிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆந்திராவில் இருக்கும் நகரிக்கு வந்தவள் நான். நூல் கடையில் விலை பேசவும், ரேஷன் கடையில் நியாயம் கேட்கவும் என் தெலுங்கு தாராளமாகப் போதும். உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் போதவில்லை. என்னைப் போல வேறு பாஷை ஊரில் வாழ்ந்து, உள்ளே இரும்போடு நடக்கிறவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

2021 நவம்பர் மழை. கரண்ட் போன இருட்டில் தறிக்கொட்டகைப் படியில் பாசி வழுக்கி, வலது கால் உள்பக்கமாக மடங்க அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் இருந்த இடத்தில் இல்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அத்தை உடனே அங்கேதான் ஆட்டோவை விடச் சொன்னார். கட்டுக்காரர் பச்சிலை அரைப்பை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். "மூட்டுலயே உடைஞ்சிருக்கும்மா, ரெண்டு பக்கமும். இது என் கட்டுக்கு நிக்காது, திருப்பதிக்குப் போ" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பினார். காசும் வாங்கவில்லை. அந்த மனுஷரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

திருப்பதியில் உடனே ஆபரேஷன் செய்யவில்லை. வீக்கத்தில் தோல் பளபளவென்று இருந்தது. தோலில் சுருக்கம் விழுந்த பிறகுதான் கத்தி வைக்க முடியும், இல்லாவிட்டால் தையல் பிரிந்துவிடும் என்றார்கள். நவம்பர் 18ஆம் தேதி ஊரே வெள்ளத்தில் தத்தளித்தபோது நான் வார்டில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, தோலில் கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளிப்பக்கத்து எலும்பில் ஏழு ஓட்டை பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும், உள்பக்கத்தில் நீளமாக இரண்டு ஸ்க்ரூவும் வைத்தார்கள். ஆறு வாரம் கால் ஊன்றவில்லை. மூன்றாம் மாதம் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது.

எலும்பு கூடியும் வலி போகவில்லை.

எங்கள் கொட்டகையில் இரண்டு பவர்லூம். ஓடும்போது சிமென்ட் தரையே அதிரும். அந்த அதிர்வு செருப்பு வழியாக ஏறி, வெளிக்கணுக்காலில் ஒரு காசு அகல இடத்தில் போய் நிற்கும். பாவில் இழை அறுந்து முடிச்சுப் போடக் குனிந்தால், அந்தக் காலில் எடை இறங்கும்போது ஸ்க்ரூவின் தலையை எண்ணிச் சொல்லிவிடலாம் போலிருக்கும். சம்மணம் போட்டு உட்கார முடியாது, அந்த எலும்புதானே தரையில் அழுந்துகிறது. கொலுசு போட முடியவில்லை. மார்கழி விடியலில் அந்த இடம் மட்டும் குளிர்ந்து கெட்டியாகிக் கிடக்கும். சதையே இல்லாத இடம், தோலுக்கு அடியில் நேராக ஸ்டீல். பழைய சாக்ஸைப் போட்டு, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்ட பிறகுதான் எழுந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்று நிமிஷம். "நொப்பி" என்பேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, எலும்பு பாகுந்தி, நன்றாக இருக்கிறது என்பார்கள். மாத்திரை எழுதுவார்கள். நான்கு முறை இப்படித் திரும்பினேன். நான்காவது முறை ரயிலில் வரும்போது, நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்களோ என்று தோன்றி, அழுகையை அடக்க முடியவில்லை.

வழி காட்டியது என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள், தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. எனக்குத் தெலுங்கு அப்படி. ஒரு ராத்திரி ரஃப் நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நொப்பின்னு சொல்லாதம்மா. எப்படி வலிக்குதுன்னு தமிழ்ல சொல்லு, நான் எழுதறேன்."

குத்துது என்றேன். "குச்சுகுண்டோந்தி" என்று எழுதினாள். தையல் தழும்பைத் தொட்டால் விரல் வரைக்கும் எரியுது என்றேன். "மண்ட்ட." காலையில் படி இறங்கினால் இழுக்குது. "லாகுதோந்தி." ராத்திரியில் குடைச்சல் என்றேன். அதற்கு அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. குடையறதுன்னா என்னம்மா என்று கேட்டாள். மரத்தை வண்டு குடையுமே, அந்த மாதிரி உள்ளுக்குள்ளே என்றேன். மறுநாள் தெலுங்கு டீச்சரிடம் கேட்டு, "சலுபு" என்ற சொல்லோடு வந்தாள். நான்கு சொல்லுக்கும் நேரே எந்த இடம், எந்த நேரம், என்ன செய்தால் வருகிறது, எதனால் அடங்குகிறது என்று இரண்டு வாரம் குறித்தோம்.

அந்த நோட்டோடு 2023 ஜனவரியில் வேறொரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் முழுதும் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். நான்கும் நான்கு சங்கதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

குத்தல் பிளேட்டினுடையது, ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது அல்லவா என்றார். சந்தேகம் தீர, அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசியைக் கொஞ்சம் போட்டு, தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். குத்தல் இல்லை! எரிச்சல் தோலுக்கு அடியில் ஓடும் நரம்பின் வேலை. பிளேட்டை எடுக்க அதே தழும்பில்தான் கீற வேண்டும், அதனால் எரிச்சல் கூடவும் கூடலாம் என்றார். இழுப்பு மூட்டு இறுகியதால், அதற்குப் பயிற்சிதான். ராத்திரிக் குடைச்சலைத்தான் அவர் லேசாக விடவில்லை. உள்ளே சீழ் பிடித்திருந்தாலும், ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் அப்படி வரும். சீழ் இருக்கிறதா என்று பார்க்க இஎஸ்ஆர், சிஆர்பி என்று இரண்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். புது எக்ஸ்ரேயில் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று எனக்கே காட்டிப் பார்த்தார். இரண்டிலும் கெடுதல் இல்லை. அந்த இடம் சிவந்தாலோ, சூடானாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தார். சீழும் தளர்வும் இல்லாததால், அந்தக் குடைச்சல் எலும்பு உடைந்தபோது மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்ததால் வருவது என்றார். பிளேட்டை எடுத்தாலும் அது போகாது.

"நாலில் ஒன்றுதான் போகும். அதற்காக எடுக்கலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். வீட்டில் ஒரு மாசம் பேசினோம். கூடின எலும்பை எதற்குக் கீறுவது என்றார் அத்தை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் நான் நிற்பது அந்தக் குத்தல் மேல்தான் என்றேன். உள்பக்கத்து இரண்டு ஸ்க்ரூ வலி தராததால் அவற்றைத் தொட வேண்டாம், வெளிப்பக்கம் மட்டும் எடுக்கலாம் என்று முடிவானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் தாளில் பிளேட், ஸ்க்ரூ பாக்கெட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எந்தக் கம்பெனி, என்ன அளவு என்பது அதில் இருக்கும். ஸ்க்ரூவின் தலைக்கு ஏற்ற திருப்புளி இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தத் தாளை நான் ரேஷன் கார்டோடு வைத்திருந்தேன். தயவுசெய்து யாரும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிப்ரவரியில் இடுப்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு பிளேட்டை எடுத்தார்கள். அத்தனை தயாராக இருந்தும் ஒரு ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழுக்கியதால் நேரம் கூடிற்று. மறுநாளே மெதுவாக நடந்தேன். ஆனால் எலும்பில் ஆறு ஓட்டை காலியாக இருக்கிறது, நிரம்பும் வரை அந்த இடத்தில் மறுபடி உடையலாம். ஆறு வாரம் ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்றார்கள். பாவு உருளையைத் தொடவில்லை. இரண்டு தறியையும் என் வீட்டுக்காரரே பார்த்துக்கொண்டார், பாதி நாள் ஒன்று நின்றே கிடந்தது.

புண் ஆறியதும் குத்தல் போயிற்று. தரை அதிர்கிறது, காலில் எங்கும் போய் நிற்கவில்லை. எரிச்சல் முன்பைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பரவியிருக்கிறது, தொட்டால் தெரியும். குளிர் நாட்களில் குடைச்சல் வருகிறது, வெந்நீர்ப் பை இன்னும் வேண்டியிருக்கிறது. கொலுசு போட்டுக்கொண்டேன்.

போன வாரம் அத்தைக்கு முழங்கால் வலி, புத்தூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மகள் அதே நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடுகடுங்குதுன்னு எழுது" என்றார் அத்தை.

"அப்படின்னா இன்னா ஆயா?"