அம்மாவுக்கு ஒரு பேனல் டாக்டர் கிடைக்க மூன்று மாதம் ஆனது

நேற்றுதான் அம்மாவுக்கு ஒரு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை முழுசாகக் கிடைத்தது. அதற்கு மூன்று மாதமும் ஐந்து அரைநாள் லீவும் ஆயின. மும்பையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) கார்டை வைத்துக்கொண்டு டாக்டர் தேடுகிற வேறு யாரும் இப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அந்தேரி கிழக்கில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. வீடு தாராவியில், 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில். சம்பளம் 18,000. அதில் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய், மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. இத்தனை நாள் அந்த 135 ரூபாயை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அப்பா போன பிறகு அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டி வந்தேன். மாதம் 9,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ள, நம்மை நம்பி இருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம் என்பதால் அம்மா பெயரையும் கொடுத்தேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒருநாள் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பாவை எடுக்கப் போனபோது, அடியில் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் அத்தனையும் அரை மாத்திரைகள். பிளேடால் அறுத்திருக்கிறார்; ஓரமெல்லாம் பொடி. கேட்டதற்கு, "முழுசாப் போட்டா பதினஞ்சு நாள்ல தீந்துருது ய்யா, பாதியாப் போட்டா மாசம் ஓடும்லா" என்றார். கடையில் காசு கொடுத்து வாங்குவது எனக்குப் பாரமாக இருக்குமே என்று யாரிடமும் சொல்லாமல் இப்படிச் செய்திருக்கிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 9.8 வந்தது, மிக அதிகம். அன்றே இ.எஸ்.ஐ. கார்டைத் தேடி எடுத்தேன்.

முதல் அலைச்சல் அந்தேரியில். எங்களுக்கு ஒதுக்கியிருந்த டிஸ்பென்சரி, அதாவது இ.எஸ்.ஐ. மருத்துவமனை, கம்பெனிக்குப் பக்கம். முழங்கால் வலியோடு அம்மாவை மாஹிமில் லோக்கல் ஏற்றிக் கொண்டுபோனால், கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இவர் உங்களோடு இல்லையே, தமிழ்நாட்டில் அல்லவா இருக்கிறார்" என்கிறார். கம்பெனி அக்கவுன்டன்ட் அம்மாவின் ஆதாரில் ஊர் முகவரியைப் பார்த்து, 'உடன் வசிக்கிறாரா' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலேயே நின்றிருந்த அம்மாவைக் காட்டியும் பலன் இல்லை. வந்த வழியே திரும்பினோம்.

அக்கவுன்டன்டிடம் போனால், "புதிதாகச் சேர்த்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் வைத்தியம்" என்றார். அது தவறு. நாட்கணக்கு, நாம் உடம்பு முடியாமல் லீவில் இருக்கும்போது வரும் பணம் போன்றவற்றுக்கு உண்டு. அந்தப் பணத்துக்கு 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சாதாரண வைத்தியம் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. 1800 11 2526 என்ற இலவச எண்ணில் கேட்டு, அதை அவரிடம் சொன்ன பிறகுதான் திருத்தத்துக்குப் போட்டார். மூன்று வாரத்தில் திருத்தமாகி வந்தது.

அடுத்தது டாக்டர். மும்பையில் டிஸ்பென்சரி தவிர பேனல் டாக்டர்களும் உண்டு. சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவர்கள், இ.எஸ்.ஐ.யில் பதிந்துகொண்டு நம்மைப் பார்ப்பார்கள். வீட்டுப் பக்கத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அம்மா நடந்தே போய் வரலாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் முகவரியில் மொபைல் கடை. இரண்டாவதில் இ.எஸ்.ஐ. போர்டு பளிச்சென்று தொங்குகிறது, ஆனால் கம்பவுண்டர், "டாக்டர் அதை விட்டு இரண்டு வருஷமாகிறது, போர்டைக் கழற்றவில்லை" என்றார். மூன்றாமவர் நல்ல மனிதர்தான், ஆனால் பட்டியல் நிறைந்துவிட்டது. ஒரு பேனல் டாக்டர் 2000 குடும்பம் வரைதான் எடுக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் சொல்கிறேன், பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று உடனே மாற்றச் சொல்லி விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். முதலில் நேரில் போங்கள். புதிதாக ஆள் எடுக்கிறாரா, நம் வேலை நேரத்துக்குப் பிறகு கிளினிக் திறந்திருக்குமா, மாத்திரை அவரே தருவாரா வேறு எங்காவது வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவதில் தயக்கம் காட்டுவாரா என்று அங்கே உட்கார்ந்திருக்கும் நோயாளிகளிடம் விசாரியுங்கள். அவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள். நான்காவது கிளினிக்கில் ஒரு பாட்டி, "ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தாரு, முகம் சுளிக்கல" என்றார். அந்த டாக்டரையே முடிவு செய்தேன்.

மாற்றம் ஆனதும் அம்மாவைக் கூட்டிப்போனேன். டாக்டர் மராட்டிக்காரர். அம்மாவுக்கு இந்தி வராது. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் தாராவியில் கற்றுக்கொண்ட தமிழில், "அம்மா, பாதி வேண்டாம், முழுசு சாப்பிடணும்" என்று விரலைக் காட்டிச் சொன்னார். மாத்திரையை அறுத்த கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. பேப்பர் பொட்டலத்தை அம்மாவே மடியிலிருந்து எடுத்து அவர் மேஜையில் வைத்திருந்தார்.

இன்று மதிய சாப்பாட்டு நேரத்தில் எங்கள் செக்‌ஷனில் ஐந்து பேருடைய இ.எஸ்.ஐ. விவரத்தை அரசின் உமங் செயலியில் பார்த்தோம். இரண்டு பேருக்கு அதே 'இல்லை'. நாளை காலை மூன்று பேரும் சேர்ந்து அக்கவுன்டன்ட் மேஜைக்குப் போகிறோம்.