பிரசவத்துக்குப் பிறகு பெல்விக் ஃப்ளோர் பிசியோ: நான் போய் வந்த கதை

"கெகல் பண்ணுங்க, சரியாயிடும்." பிரசவமாகி ஆறு வாரம் கழித்துத் தையலைக் காட்டப் போனபோது, சிறுநீர்க் கசிவுக்கு எனக்குக் கிடைத்த ஆலோசனை மொத்தமே இவ்வளவுதான். கெகல் என்பது சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை, அதாவது பெல்விக் ஃப்ளோரை, இறுக்கி விடும் பயிற்சி. தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அதெல்லாம் சரிதான். ஆனால் எந்தத் தசையை, எப்படி, எவ்வளவு நேரம் இறுக்க வேண்டும் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. வெளியே அத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு நடந்தது நார்மல் டெலிவரி. வெகுநேரம் முக்கிக் களைத்து, கடைசியில் வேக்கம், அதாவது தலையில் உறிஞ்சும் கருவி, வைத்துப் பிள்ளையை எடுத்தார்கள். வலது பக்கமாகக் கீறித் தையல் போட்டார்கள். பிள்ளை 3.6 கிலோ. அதன் பிறகு தும்மினால் சொட்டியது, இருமினால் சொட்டியது, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கினாலும் சொட்டியது. சாயங்காலம் ஆனால் கீழே ஏதோ கனமாக இறங்குவது போல இருக்கும். தரையில் உட்கார்ந்தால் தையல் போட்ட இடத்தில் சுரீர் என்று இழுக்கும். தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நினைத்தாலே உடம்பு இறுகிக்கொள்ளும். அம்மாவிடம் சொன்னேன். "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கும்டி, எனக்கும் இருந்துச்சு" என்றாள். இருந்துச்சா, இன்னும் இருக்குதா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பிள்ளைக்குத் தலை துவட்டப் போய்விட்டாள்.

பேறுகால விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். ஆசிரியர் வேலையில் பாத்ரூம் போவதற்குக் கூட மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு பீரியடுக்கு முன்பும் எதற்கும் இருக்கட்டும் என்று போய்விட்டு வருவேன், பையில் எப்போதும் பேட் இருக்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் இதைக் கவனித்திருக்கிறார். அவருக்குச் சிசேரியன், அவருக்கும் இதே தொல்லை இருந்ததாம். வயிற்றைக் கீறி எடுத்தால் கீழே ஒன்றும் ஆகாது என்று அதுவரை நினைத்திருந்தேன். பத்து மாதச் சுமையை அந்தத் தசைகள் எப்படியும் தாங்கித்தானே ஆக வேண்டும். அவர்தான் மதுரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைச் சொன்னார்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். இங்கேயே பிசியோ சென்டர்கள் நிறைய உண்டு, முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் எல்லாரும் போகிறார்கள். ஆனால் இந்தப் பிரச்சினைக்கென்று விசாரித்தபோது ஓரிடத்தில் பொதுவான வயிற்றுப் பயிற்சி என்றார்கள், இன்னோரிடத்தில் தசைக்கு லேசாகக் கரண்ட் வைக்கிறோம் என்றார்கள். மதுரையில் இருந்தவர் பிசியோதெரபியில் முதுகலைப் படிப்பான எம்.பி.டி. முடித்து, அதிலும் மகப்பேறு, பெண்கள் நலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர். போனில் பேசும்போதே, உள்ளே பரிசோதித்துப் பார்த்துத்தான் பயிற்சி சொல்வேன், அதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். தேடுகிறவர்கள் போனில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்: உள்ளே பார்த்துச் சொல்வீர்களா? இல்லை என்றால் வேறு ஆளைத் தேடலாம்.

முதல் நாள் முக்கால்வாசி நேரம் பேச்சிலேயே போனது. ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறீர்கள், இரவில் எழுந்திருக்கிறீர்களா, மலம் இறுகுகிறதா, வாயு அடக்க முடிகிறதா, உறவில் வலி எங்கே, நுழைவிலா உள்ளேயா. இப்படி ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து கேட்பதே எனக்குப் புதிது. கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது.

உள்பரிசோதனைக்குத்தான் நான் பயந்துகொண்டு போனேன். பிரசவ வார்டில் ஆளாளுக்குக் கை விட்டுப் பார்த்த ஞாபகம். இங்கே அப்படி இல்லை. கதவைத் தாளிட்டு, மேலே போர்த்திக்கொள்ளத் துணி கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். கையுறை போட்ட ஒரு விரல், அவ்வளவுதான். உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி எதுவும் கிடையாது. கடிகார முள் சுற்றுவது போல் வரிசையாக ஒவ்வொரு இடத்தையும் மெல்ல அழுத்தி, இங்கே வலிக்கிறதா என்று கேட்டார். இறுக்குங்க என்றார், விடுங்க என்றார், இருமச் சொன்னார். பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. எனக்கு 2. தசை அசைகிறது, ஆனால் மேலே தூக்கவில்லை.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு சொன்னதுதான். வலது பக்கம், தையல் இருந்த இடத்தை ஒட்டி, தசை எந்நேரமும் இறுகியே இருக்கிறதாம். "இப்போதைக்கு நீங்க கெகல் பண்ணவே வேண்டாம்மா" என்றார்.

பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு மாடல் ஒன்றைக் கையில் கொடுத்து விளக்கினார். முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டினாற்போல இந்தத் தசைகள் தொங்குகின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் இருக்கின்றன. ஒரு தசை வேலை செய்ய வேண்டுமானால் முதலில் நீண்டிருக்க வேண்டும், பிறகுதான் சுருங்க முடியும். ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பதை இன்னும் சுருக்கச் சொன்னால் அதற்கு இடமில்லை. தும்மல் வரும் நேரத்தில் அது கை கொடுக்காது, வலிதான் கூடும். பலவீனமும் இறுக்கமும் ஒரே தசையில் சேர்ந்தே இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே செய்யும் தோழிகளுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: சிலருக்கு முதல் மருந்து தளர்த்துவது.

அதனால் முதல் சில வாரங்கள் வெறும் மூச்சுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, விலா எலும்பு விரிய மூச்சை இழுக்க வேண்டும். இழுக்கும்போது கீழே உள்ள தசை தானாக இறங்கித் தளர்வதைக் கவனிக்க வேண்டும். மூச்சை விடும்போது அது மெல்ல மேலே வரும். இதற்கா மதுரை வரைக்கும் பஸ் ஏறி வந்தோம் என்று எரிச்சலாகத்தான் இருந்தது. கூடவே, முழுக்க ஆறிய தழும்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் மெதுவாக நீவி விடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். முதலில் தொடவே அருவருப்பாக இருந்தது. போகப் போக அந்தச் சுரீர் குறைந்து, தரையில் உட்கார முடிந்தது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடம் வறண்டு போகும், உறவில் வலிக்கு அதுவும் காரணம் என்றார். அதற்கு வழுவழுப்புக்குத் தடவும் லூப்ரிகன்ட் ஜெல் போதும், வெட்கப்படாமல் மெடிக்கலில் கேளுங்கள் என்றார். வெட்கப்பட்டு என் வீட்டுக்காரரை அனுப்பினேன்.

அடுத்தது மலச்சிக்கல். எங்கள் வீட்டில் பத்தியம் பெரிய விஷயம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அத்தை டம்ளரில் அளந்துதான் தருவார். பால் கொடுக்கிற உடம்புக்கு இருக்கிற தண்ணீரும் போதாது, மலம் கல்லாகும், முக்க வேண்டும், முக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசை கீழ்நோக்கித் தள்ளப்படும். இதை விட்டுவிட்டு என்ன பயிற்சி செய்தும் பயனில்லை என்று பிசியோ மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். தண்ணீர், கீரை, பழம். இந்தியன் டாய்லெட் இருந்தால் அதில் குத்தவைப்பதே நல்லது, வெஸ்டர்ன் என்றால் காலுக்கு ஒரு முக்காலி. மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. வயிற்றில் இறுக்கித் துணி கட்டுவதும் வேண்டாம் என்றார், மேலே இறுக்கினால் அழுத்தம் எங்கே போகும், கீழேதானே. இதை அத்தையிடம் நான் சொல்லவில்லை, மேடத்தையே போனில் சொல்லவைத்தேன். டாக்டர் மாதிரிப் பேசுபவர் சொன்னால் எங்கள் வீட்டில் எடுபடும்.

மூன்று நாள் சிறுநீர் டைரி எழுதச் சொல்லியிருந்தார். எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், எத்தனை மில்லி, எப்போது கசிந்தது என எல்லாமே எழுத வேண்டும். அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று வாங்கி, யாரும் அதில் ரசம் ஊற்றிவிடாதபடி பாத்ரூமிலேயே மேல் தட்டில் வைத்தேன். டைரியைப் பார்த்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது: பள்ளி நாட்களில் ஒவ்வொரு தடவையும் 100 மில்லிக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறேன். சாதாரணமாக ஒரு சிறுநீர்ப்பை 300, 400 மில்லி தாங்கும். நிறையும் முன்பே காலி செய்து பழக்கினால் கொஞ்சம் சேர்ந்ததுமே அது அவசரப்படுத்தத் தொடங்கிவிடும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அவசரம் வந்தால் ஓடக்கூடாது, நின்று, மூச்சு விட்டு, அந்த அலை தணிந்ததும் நடந்து போக வேண்டும். இடைவேளை டீயை ஒன்றாகக் குறைத்தேன். டீயைக் குறைத்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

தசை தளரக் கற்றுக்கொண்ட பிறகுதான் இறுக்கும் பயிற்சிக்கு வந்தோம். வாயுவை அடக்குவது போல் பின்பக்கம் தொடங்கி, அதை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து, உள்ளே மேலே தூக்க வேண்டும். பிட்டம், தொடை, வயிறு எதுவும் சேர்ந்து இறுகக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மூன்று விநாடி பிடித்து, பிறகு முழுசாக விட்டு, அதே அளவோ இன்னும் கூடவோ ஓய்வு. போகப் போகப் பத்து விநாடி. ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கடைசியில் சட்சட்டென்று இறுக்கி விடுவது கொஞ்சம், தும்மலுக்கு அந்த வேகம்தான் வேண்டும். படுத்து, உட்கார்ந்து, நின்று, அப்புறம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்று படிப்படியாக. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும், அதற்கு முன்னால் என்னிடம் குறை சொல்ல வராதீர்கள் என்றார். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது அறவே கூடாது என்றார். பை முழுசாகக் காலியாகாது.

ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நல மருத்துவர் 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார் என்பதும் அங்கே கேட்டதுதான். அவர் வாயால் சொல்லி அனுப்பிவிடவில்லையாம். உள்ளே வைத்தால் தசையின் அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு கருவியையே செய்திருக்கிறார், பெண்கள் தாங்கள் செய்வதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று. அதெல்லாம் உதிர்ந்துபோய் நம் ஊருக்கு 'கெகல் பண்ணுங்க' மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. காரைக்காலிலிருந்து கல்யாணமாகி பாரிஸ் போன என் கல்லூரித் தோழிக்கு, பிரசவத்துக்குப் பிறகு இந்த சிகிச்சையை டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், செலவு அரசாங்கக் காப்பீட்டில். பிரான்சில் இது வழக்கமான ஏற்பாடு. அவள் இதைச் சர்வசாதாரணமாகச் சொன்னபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் 700 ரூபாய் கையிலிருந்து கொடுத்தேன். மருத்துவமனையில் படுக்கையில் சேராமல் செய்யும் சிகிச்சை என்று என் மருத்துவக் காப்பீட்டில் ஒன்றும் தேறவில்லை.

முதலில் பலன் தெரிந்தது ஒரு சின்ன உத்தியில். தும்மலோ இருமலோ வருவதற்கு ஒரு நொடி முன்பே தசையை இறுக்கிக்கொள்வது. சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறும் வேலையில் இது நல்ல வரம். பிள்ளையைத் தூக்கும்போதும், தண்ணீர்க் குடத்தை எடுக்கும்போதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கனமாக இறங்கும் உணர்வு இதில்தான் குறைந்தது. கரண்ட் சிகிச்சை எனக்குத் தேவைப்படவில்லை. தசையை அசைக்கவே தெரியாதவர்களுக்குத்தான் அது, உங்களுக்கு எதற்கு என்றுவிட்டார்.

இரண்டாவது முறை உள்ளே பார்த்தபோது மதிப்பெண் 4. வலது பக்கம் விரல் பட்டால் வலி இல்லை. ஆனால் எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சளி பிடித்து விடாமல் இருமினால் இப்போதும் ஒரு சொட்டு வரும். கயிறு தாண்டிப் பார்த்தேன், வந்தது. ஓட்டம், குதிப்பு இரண்டும் பால் மறக்கடித்த பிறகு பார்க்கலாம், அதற்குள் ஒற்றைக் காலில் நிற்பது, படி ஏறுவது என்று இடுப்பையும் தொடையையும் பலப்படுத்துங்கள் என்று புதிய பட்டியல் கொடுத்திருக்கிறார். கீழே எதாவது பிதுங்கித் தெரிந்தாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ தன்னிடம் வராமல் நேரே டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். மாதவிலக்கு நாளில் உள்பரிசோதனையைத் தள்ளிப் போடலாம், முன்கூட்டியே போன் செய்தால் போதும். சுடிதாரை விடப் பாவாடையோ நைட்டியோ வசதி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டே போகலாம், என் மகன் அங்கே பெரிய ரப்பர் பந்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். வேக்கமா, இடுக்கி போன்ற ஃபோர்செப்ஸா, கிழிசல் எவ்வளவு ஆழம் (எத்தனையாவது டிகிரி) என்பதை அவர்கள் அதில்தான் பார்ப்பார்கள். என்னுடையதில் தையல் என்று ஒரு வார்த்தைதான் இருந்தது, பிறகு மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்க வேண்டியதாயிற்று.